நாடி பார்ப்பவனின் நாடியை யார் பார்ப்பது?



'விரிஞ்சை மதிலழகு' என்பது நம் வட்டாரத்து வழக்கு. விரிஞ்சிபுரத்துக் கோயிலின் நெடுமதிலை அண்ணாந்து நோக்கியவர் எவரும் அதை மறுக்கமாட்டார். மதிலுக்கு அழகுண்டு, வாயுண்டோ? உள்ளே ஒருவன் விம்மினால் அது வெளியே வந்து சொல்லுமோ?

அத்தகைய மதில் ஒன்றைப் பற்றியே இன்று பேச விழைகிறேன். கல்லால் எழுந்ததல்ல அது. மருத்துவ மாணவன் அணியும் வெள்ளை அங்கியால் எழுந்தது!

1900-இல் ஐடா ஸ்கட்டர் அம்மையார் சிறு மருந்தகம் தொடங்கிய வேலூர் நமக்கு அண்டை நகர். 2005 முதல் அரசு மருத்துவக் கல்லூரியும் அங்கே உண்டு. ஆம்பூரிலும் பேரணாம்பட்டிலும் சுண்ணாம்புத் தொட்டியில் தோலைப் புரட்டிப் புரட்டிக் கை வெந்த தந்தைக்கு, 'என் மகன் டாக்டருக்குப் படிக்கிறான்' என்று சொல்வதைவிட இன்பம் வேறில்லை. அரசுப் பள்ளி மாணவர்க்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டை 2020-இல் சட்டம் வழங்கியது. குடிசைக்குள்ளும் அந்த இன்பம் குடிபுகுந்தது.

கதவு திறந்தது, மகிழ்ந்தோம். உள்ளே சென்றவன் உறங்கினானா என்று கேட்டோமா?

1996-இல் அண்ணாமலை நகரில் நாவரசு என்னும் முதலாண்டு மருத்துவ மாணவன் பகடிவதைக் கொடுமையில் கொல்லப்பட்டான். நாடு கொதித்தது, 1997-இல் தடைச் சட்டம் பிறந்தது. கண்ணுக்குத் தெரிந்த கொடுமைக்குச் சட்டம் வந்தது. கண்ணுக்குத் தெரியாத கொடுமைக்கு?

தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு 2024-இல் அறிக்கை தந்தது. கேள்விகளுக்கு விடையளித்த இளநிலை மாணவர் 25,590 பேர், அவர்களில் 27.8 விழுக்காட்டினர் மனநலக் குறை உண்டென்றனர். பட்டமேற்படிப்பு மாணவரில் 45 விழுக்காட்டினர் வாரத்திற்கு 60 மணி நேரத்திற்கு மேல் உழைக்கின்றனர். பாதிக்கு மேற்பட்டோர்க்கு வார விடுமுறை ஒழுங்காகக் கிடைப்பதில்லை.

1923-இல் சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் மே நாள் கொடியை உயர்த்தினார். உழைப்புக்கு எல்லை வேண்டும் என்னும் அந்த முழக்கத்தின் வழியில், 1948 தொழிற்சாலைச் சட்டம் வாரத்திற்கு 48 மணி நேரம் என வரம்பு கட்டியது. 1992-இல் வகுத்த விதியும் பயிற்சியில் உள்ள மருத்துவர்க்கு அதே 48-ஐத்தான் சொன்னது. ஏட்டில் எழுதினர், வார்டில் மறந்தனர்! 2024 பணிக்குழுவோ, 74 மணி நேரத்தைத் தாண்டாதிருக்கட்டும் எனப் பரிந்துரைத்தது. தோலைப் பதனிடும் தந்தைக்கு 48. உயிரைக் காக்கும் மகனுக்கு 74! இதுவா முன்னேற்றம்?

'மருத்துவம் தொண்டு, தொண்டுக்கு மணிக்கணக்கு உண்டோ?' என்பார் சிலர். ஐயா, உறங்காத கண்ணோடு அவன் மருந்தின் அளவை எழுதுவது உம் அன்னைக்கும் என் அன்னைக்கும் அல்லவா? அவன் களைப்பு அவனோடு நிற்பதில்லை. நோயாளியின் கட்டில்வரை நடந்து வருகிறது.

நான் கல்லூரியைப் பாதியில் விட்டவன். விட்ட அன்று ஊர் என்னைக் கோழை என்றது. பல இரவுகள் நானும் அதை நம்பினேன். எனக்கு மேடை கிடைத்தது. கைதட்டல் அந்தச் சொல்லை மறக்கடித்தது. மேடை கிடைக்காத தம்பி என்ன செய்வான்? 'சாப்பிட்டாயா?' என்று கேட்கும் தாயிடம் 'சாப்பிட்டேன்' என்பான். 'என்னால் தாங்க முடியவில்லை' என்று சொல்லமாட்டான். கடன் வாங்கிப் படிக்க வைத்த வீட்டிற்குத் தன் கண்ணீரைக் கூடுதல் கடனாக அனுப்ப அவன் விரும்புவதில்லை.

ஆகவே தோழர்களே, வேலை நமக்கு உண்டு. உங்கள் தெருவில் மருத்துவம் பயிலும் பிள்ளை விடுமுறைக்கு வந்தால், மதிப்பெண்ணைக் கேட்குமுன் உறக்கத்தைக் கேளுங்கள். தேர்வில் தவறியவனைத் திண்ணையில் அமர்ந்து எள்ளாதீர்கள். நெஞ்சு கனத்தவனுக்கு 14416 என்ற எண்ணைச் சொல்லுங்கள். இரவும் பகலும் அங்கே ஒருவர் செவிமடுப்பார். 2022-இல் அரசு மருத்துவக் கல்லூரிகளில் 'மனம்' என்னும் மனநல நல்லாதரவு மன்றங்கள் தொடங்கப்பட்டன; அவை பெயர்ப்பலகையோடு நின்றுவிடாமல் காப்பதும் நம் கடன். 48 என்பது தொழிற்சாலைக்கு மட்டுமல்ல, வார்டுக்கும் உரியதென்று தீர்மானம் இயற்றுங்கள்; மேடைதோறும் முழங்குங்கள்.

மதிலழகைப் புகழ்ந்தது போதும். உள்ளிருப்பவன் குரல் கேட்க, அதில் ஒரு சாளரம் திறப்போம்!