எடை குறைந்தால் மட்டும் போதுமா?

இமயமலையில் ட்ரெக்கிங் போகக் கிளம்பும் பலரும் ஜாக்கெட் வாங்கும்போது "எது எடை குறைவு?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். கேட்க வேண்டியது "போகிற இடத்தில் ஈரம் எப்படி?" என்பதைத்தான்.

ஜாக்கெட் தானாகச் சூடு தருவதில்லை. உடம்புச் சூட்டில் வெதுவெதுப்பான காற்றை வெளியே விடாமல் பிடித்து வைக்கிறது, அவ்வளவுதான். எடைக்கு எடை பார்த்தால் இதில் டவுன் எனப்படும் வாத்துத் தூவியை மிஞ்ச எதுவும் இல்லை. சுருட்டினால் சின்னப் பொட்டலமாகிவிடும். ஆனால் நனைந்தால் தூவி கட்டிகட்டியாக ஒட்டிக்கொள்ளும். காற்றும் போச்சு, சூடும் போச்சு! சீக்கிரம் காயவும் காயாது. பாலியஸ்டர் இழை நிரப்பிய ஜாக்கெட் சற்றுக் கனம்தான், ஆனால் ஈரத்திலும் ஓரளவு காப்பாற்றும்.

ஆகவே லடாக்கின் வறண்ட குளிருக்கு டவுன் சரி. ஜூலை, ஆகஸ்டில் உத்தரகாண்டின் மலர்ப் பள்ளத்தாக்குக்குப் போகிறவர்களுக்கு? பூக்கும் காலமே அங்கே மழைக்காலம். பாலியஸ்டர்தான் புத்திசாலித்தனம். எதுவானாலும் ஏறும்போது கழற்றிப் பைக்குள் வைத்துவிட வேண்டும். வியர்வையும் ஈரம்தானே?

உடலின் உள்வெப்பம் 35 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கினால் உயிருக்கே ஆபத்து. 100, 150 கிராம் மிச்சத்துக்காக அந்த விஷப்பரீட்சை தேவையா?