திரை வந்தது, தமிழ் எங்கே?



2018 முதல் கேரள அரசு எட்டாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை 45,000 வகுப்பறைகளில் மடிக்கணினியும் புரொஜெக்டரும் கொண்டு வரும் திட்டத்தை நடத்தியது. நல்ல காரியம், குறை சொல்வதற்கில்லை. பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்து நம் பிள்ளைகளும் அந்தத் திரையைப் பார்த்துத்தான் படிக்கிறார்கள். ஆனால் அவர்கள் வீட்டில் பேசும் மொழி அந்தத் திரையில் எத்தனை மணி நேரம் வருகிறது?

1956 நவம்பர் 1-இல் கல்குளம், விளவங்கோடு முதலிய தாலுகாக்கள் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை இங்கே நின்றது. மொழிச் சிறுபான்மைக் குழந்தைக்குத் தொடக்கக் கல்வி தாய்மொழியில் கிடைக்க வசதி செய்ய வேண்டும் என்று அரசியல் சட்டத்தில் 350-ஏ பிரிவு சேர்ந்ததும் அதே ஆண்டுதான். 2017-இல் பத்தாம் வகுப்பு வரை மலையாளம் கட்டாயம் என்று சட்டம் வந்தது. மலையாளம் படிப்பதை நாம் எதிர்க்கவில்லை. கூலி கேட்கவும் பஞ்சாயத்து ஆபீசில் மனு கொடுக்கவும் அது வேண்டும். சொந்த மொழியை எழுதப் படிக்கத் தெரியாமல் ஒரு தலைமுறை வளர்கிறதே, அதைத்தான் சொல்கிறேன். பள்ளியில் தமிழ் ஆசிரியர் வேண்டும் என்ற கோரிக்கையை விடப் போவதில்லை. அது கிடைக்கும் வரை?

நம் ஞாயிறு வகுப்புக்குச் செங்கல் சூளைத் தொழிலாளி ஒருவரின் மகள் வருகிறாள். எட்டாம் வகுப்பு, மலையாளத்தில் கெட்டிக்காரி. ஊரிலிருந்து வந்த கல்யாணப் பத்திரிகையில் தாய்மாமன் பெயரைக்கூட அவளால் படிக்க முடியவில்லை. தகப்பனார் தலை குனிந்து நின்றார். எழுத்துகளை ஒரு மாதத்தில் பிடித்துக்கொண்டாள். பிறகு தட்டிற்று. மலையாளத்தில் ககர வரிசைக்கு நான்கு எழுத்து, ஓசைக்கு ஒன்றாக. நமக்கு ஒரே 'க'. 'பக்கம்', 'தங்கம்', 'அகம்' மூன்றிலும் எழுத்து ஒன்று, ஓசை வேறு. விதி சொல்லிப் பார்த்தேன். பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். இது காதால் வர வேண்டிய பாடம்.

அதற்குப் பெரிய இயந்திரம் எதற்கு? தமிழ்நாட்டுப் பாடநூலைக் காசில்லாமல் போனில் இறக்கலாம். தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர் ஒரு பக்கத்தை நிதானமாக வாசித்து அதே போனில் பதிவு செய்தால் போதும். பிள்ளை விரலை வரியில் வைத்துக்கொண்டு பத்துத் தடவை கேட்கட்டும். ரயில் நிலையத்தில் அறிவிப்பு இயந்திரம் நாள் முழுதும் ஒன்றையே சொல்கிறது, அதற்குத் தொண்டை கட்டுவதில்லை. எனக்குக் கட்டுகிறது.

எழுத்தறியாத தாய்மாரும் ஒதுங்க வேண்டாம். நீங்கள் ஒரு கதை சொல்லுங்கள். பிள்ளை அதைக் கேட்டுக் கேட்டுச் சிலேட்டில் எழுதட்டும். ஆனால் போனைக் கையில் கொடுத்துவிட்டு எழுந்து போனீர்களோ, பாடம் முடிந்தது, விளையாட்டு தொடங்கிற்று!

அந்தப் பெண் மூன்றாம் வாரம் பத்திரிகையை மண்டப முகவரி வரை படித்தாள். மழைக்குச் சூளை நின்றால் குடும்பம் ஊருக்குப் போய்விடும். பதிவுகளாவது அவளோடு போகட்டும் என்று எல்லாவற்றையும் அவள் தகப்பனார் போனில் ஏற்றிக் கொடுத்திருக்கிறோம்.

வரும் ஞாயிறு மாலை வருகிறவர்கள் போனை முழுச் சார்ஜோடு கொண்டு வரவும். சங்க அறையில் இருப்பது ஒரே பிளக் பாயிண்ட். அதில் ஃபேன் ஓடுகிறது.