அமெரிக்காவுக்கு போகாத பார்சல்: 51 நாள் பூட்டு சொல்லும் பாடம் என்ன?

தாம்பரம்,

வீட்டு மாடியில் ஒரு தையல் மெஷின். கையில் ஒரு செல்போன். ஆன்லைன் சந்தையில் சின்னதா ஒரு கடை. தாம்பரம், குரோம்பேட்டை, பம்மல், சேலையூர் பக்கம் இப்படி பிழைப்பு நடத்துகிற குடும்பங்கள் உண்டு. சேலை, டெரகோட்டா நகை, கொலு பொம்மை என்று கடல் தாண்டி இருக்கும் நம்மவர்களுக்கு பார்சல் அனுப்பி நாலு காசு பார்க்கிறார்கள்.

அவர்கள் பிழைப்பில் மண் விழுந்தது 2025-ம் ஆண்டு.

நடந்தது என்ன?

அதுவரை 800 டாலர் வரை மதிப்புள்ள பார்சலுக்கு அமெரிக்காவில் சுங்க வரி கிடையாது. அன்றைய கணக்கில் சுமார் ரூ.70 ஆயிரம். சின்ன வியாபாரிகளுக்கு இதுதான் உயிர்நாடி. இந்த சலுகை ஆகஸ்டு 29-ந்தேதியுடன் முடியும் என்று ஜூலை 30-ந்தேதி அமெரிக்க ஜனாதிபதி டிரம்ப் உத்தரவு போட்டார்.

சரி, வரியை யார் வசூலிப்பது? எப்படி கட்டுவது? அதற்கு பதில் இல்லை. விமான நிறுவனங்கள் தபால் பைகளை ஏற்ற தயங்கின. ஆகஸ்டு 25-ந்தேதி முதல் இந்திய தபால் துறை அமெரிக்க பார்சல்களை நிறுத்தியது. மாத கடைசியில் கடிதம், பரிசு பொருள் உள்பட எல்லாமே நின்றது.

தபால் சேவை திரும்ப தொடங்கியது அக்டோபர் 15-ந்தேதி. மொத்தம் 51 நாள். நடுவில் நவராத்திரி வந்து போய்விட்டது. தீபாவளிக்கு இருந்ததோ 5 நாள்தான். வருஷம் பூரா காத்திருந்த சீசன் கைநழுவி போச்சு. தனியார் கூரியர் ஓடியது என்னவோ உண்மை. ஆனால் அந்த கட்டணம் சின்ன வியாபாரிக்கு கட்டுப்படியாகுமா?

கணக்கு போட்டு பாருங்க

தபால் திறந்தபோது வந்த வரி, பொருள் மதிப்பில் 50 சதவீதம். அதையும் இங்கேயே, புக்கிங் செய்யும்போதே கட்ட வேண்டும் என்றார்கள்.

ரூ.3 ஆயிரத்துக்கு ஒரு சேலை விற்கிறீர்கள். லாபம் ரூ.700 என்று வைத்துக்கொள்வோம். வரி ரூ.1,500. அதை நீங்க கட்டினால் கையை விட்டு ரூ.800 போகும். வாங்குபவர் தலையில் வைத்தால் அவர் அடுத்த கடைக்கு போய்விடுவார்.

கூரியரில் இன்னொரு பொறி இருக்கிறது. எடைக்கு மட்டும் காசு இல்லை, பெட்டி அடைக்கிற இடத்துக்கும் காசு. நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5 ஆயிரத்தால் வகுப்பார்கள். 40-க்கு 30-க்கு 20 பெட்டியில் 2 கிலோ கொலு பொம்மை அனுப்பினால், பில் வருவது 4.8 கிலோவுக்கு! பொம்மை உடையாமல் இருக்க பெரிய பெட்டியில் வைத்தவர் கதி இதுதான்.

பழைய காலம் திரும்புமா?

2026 பிப்ரவரி 20-ந்தேதி, டிரம்ப் அவசர கால சட்டத்தை வைத்து போட்ட வரிகள் செல்லாது என்று அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு சொன்னது. ஆனாலும் 800 டாலர் சலுகை திரும்பவில்லை. வேறு சட்டப்பிரிவில் புது வரி வந்தது. 2027 ஜூலை 1-ந்தேதி முதல் அந்த சலுகையே சட்ட புத்தகத்தில் இருக்காது என்று 2025-லேயே அமெரிக்க பாராளுமன்றம் சட்டம் போட்டுவிட்டது.

ஐரோப்பாவும் சும்மா இல்லை. 150 யூரோவுக்கு குறைவான பார்சலில் உள்ள ஒவ்வொரு வகை பொருளுக்கும் 2026 ஜூலை 1 முதல் 3 யூரோ வரி என்று 2025 டிசம்பரில் முடிவு எடுத்தார்கள். ஆக, வரி இல்லாத பார்சல் காலம் மலையேறி போச்சு.

அனகாபுத்தூர் பட்ட அடி

இது நம்ம பகுதிக்கு புதுசும் இல்லை. ஒரு காலத்தில் அனகாபுத்தூர் தறியில் நெய்த மெட்ராஸ் கட்டம் போட்ட துணி நைஜீரியாவுக்கு கப்பல் ஏறியது. அந்த நாடு இறக்குமதி கதவை மூடியதும் தறிகள் நின்றன. பிறகு வாழை நார் சேலை என்று புது வழி தேடித்தான் அந்த ஊர் நெசவு பேர் வாங்கியது. ஒரே நாட்டை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட சாட்சி வேண்டுமா?

என்ன செய்யலாம்?

* ஏற்றுமதி குறியீட்டு எண் இல்லாமல் வியாபார பார்சல் அனுப்ப முடியாது. ஆன்லைனில் ரூ.500 கட்டி வாங்கலாம். புரோக்கருக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்க வேண்டாம்.

* தபால் துறையின் 'டாக் கர் நிர்யாத் கேந்திரா' மையத்தில் ஏற்றுமதி பில் போடலாம். சுங்க ஆபீசுக்கு அலைய வேண்டியது இல்லை.

* வரி யார் கட்டுவது என்று ஆர்டர் எடுக்கும்போதே எழுத்தில் சொல்லிவிடுங்க. புக்கிங் அன்றைக்கு என்ன வரி என்று கேட்ட பிறகு பெட்டியை ஒட்டுங்க.

* விற்ற பொருளை 'கிப்ட்' என்று எழுதி அனுப்பாதீங்க. மாட்டினால் பொருளும் போகும், பேரும் போகும்.

அரசு என்ன செய்யணும்?

கூரியர் ஏற்றுமதிக்கு இருந்த ரூ.10 லட்சம் உச்சவரம்பு நீக்கப்படும் என்று 2026 பிப்ரவரி பட்ஜெட்டில் அறிவித்தார்கள். நல்லதுதான். ஆனால் ரூ.3 ஆயிரம் பார்சல்காரருக்கு 10 லட்சம் வரம்பு எப்போது தடையாக இருந்தது? அதே பட்ஜெட்டில், திரும்பி வரும் பார்சல்களை கையாள்வது சீராக்கப்படும் என்றும் சொன்னார்கள். சின்னவர்களுக்கு வேண்டியது அதுதான். போன பொருள் திரும்பி வந்தால் அதுவே பெரிய நஷ்டம்.

எந்த நாட்டுக்கு இன்றைக்கு என்ன வரி என்று தபால் கவுண்டரில் தமிழில் ஒரு போர்டு வைத்தால் பாதி குழப்பம் தீரும். வாஷிங்டன் உத்தரவை இங்கிருந்து மாற்ற முடியாது. அந்த உத்தரவு வந்த செய்தியாவது பார்சலை ஒட்டுவதற்கு முன்னால் நம்ம ஆளுக்கு தெரிய வேண்டாமா?