முதல் செய்தித்தாள் என்னும் காதுப்பூ

ஆண்டுதோறும் நவம்பர் 16 வந்தால் போதும், தேசியப் பத்திரிகை தினம் என்று எங்காவது மேடை போட்டுவிடுவார்கள். பொன்னாடை போர்த்தி முடிந்ததும் சிறப்பு விருந்தினர் மைக்கைப் பிடித்து, “உலகின் முதல் செய்தித்தாள் 1300 ஆண்டுகளுக்கு முன்பே சீனாவில் அச்சாகி, மக்கள் கைகளில் தவழ்ந்தது” என்பார். கைதட்டல் கிளம்பும். போட்டித் தேர்வுக் கையேடுகளில் இது ஒரு மதிப்பெண் வினா வேறு. எத்தனை ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்! அந்த ஒரு வாக்கியத்தைப் பிரித்துப் பார்க்க ஒருவருக்கும் மனம் வரவில்லை.

“அச்சாகி” என்கிறார்களே, எங்கே அந்த அச்சுத்தாள்? அவர்கள் சொல்லும் தாங் வம்சத்துக் காய்யுவான் காலத் தாள்களில் ஒரு பிரதிகூட இன்று இல்லை. நூறாண்டுக்கும் மேல் கழித்து சுன் சியாவ் என்ற எழுத்தாளர் தலைப்பில்லாத சில பத்துத் தாள்கள் தமக்குக் கிடைத்ததாக எழுதிவைத்தார். இன்ன நாளில் பேரரசர் சடங்காக ஏர் உழுதார், இன்ன நாளில் அதிகாரிகள் வில்வித்தைச் சடங்கு நடத்தினார்கள் என்று துண்டு துண்டாக இருந்ததாம். இதை வைத்துக்கொண்டு நம்மவர்கள் அச்சகமே கட்டிவிட்டார்கள்.

அடுத்தது “மக்கள் கைகளில்”. இங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மாகாணப் படைத்தலைவர்கள் தலைநகர் சாங்ஆனில் ஆளுக்கொரு தொடர்பு அலுவலகம் வைத்திருந்தார்கள். அங்கிருந்த முகவர் அரசவையில் நடப்பதைக் கையால் எழுதித் தம் தலைவருக்கு அனுப்புவார். நம் பேச்சாளர்கள் செய்தித்தாள் என்று கொண்டாடும் திபாவ் இந்த ஏற்பாட்டில் முளைத்ததுதான். துன்ஹுவாங் குகையில் கிடைத்து இன்று லண்டனில் இருக்கும் தாள் ஒன்று 887ஆம் ஆண்டைச் சேர்ந்தது. எழுதியவர் துன்ஹுவாங்கை ஆண்ட சாங் ஹுவாய்ஷெனின் முகவர். தலைவருக்குப் படைத்தலைவர் பதவியின் அதிகாரச் சின்னங்கள் வேண்டும்; அதற்காகத் தூதுக் குழு வந்திருக்கிறது. பேரரசரோ கலகத்துக்குப் பயந்து தலைநகரை விட்டே ஓடியிருக்கிறார். குழு அவரைத் துரத்திப் போய் மனுமேல் மனு கொடுக்கிறது. அமைச்சர்கள் மசியவில்லை. கடைசியில் குழுவுக்குள்ளேயே சண்டை: ஒரு சாரார் ஊர் திரும்பலாம் என்கிறார்கள், மறு சாரார் சின்னம் கைக்கு வராமல் நகரமாட்டோம் என்கிறார்கள். எல்லாம் நாள்வாரியாக இருக்கிறது. படிக்கச் சுவையான தாள்தான், மறுக்கவில்லை. ஆனால் அதை வாசிக்க வேண்டியவர் ஒரே ஒருவர், சாங் ஹுவாய்ஷென். முதலாளிக்கு ஏஜெண்ட் போட்ட கடிதத்துக்குச் செய்தித்தாள் என்று பெயர் வைத்தால், நம் ஊர் ரேஷன் கடை ஊழியர் தாலுகா அலுவலகத்துக்கு அனுப்பும் அறிக்கையும் நாளேடுதான்.

சோங் வம்சம் வந்ததும், முகவர் தம் விருப்பப்படி எழுதும் அந்தக் கொஞ்சநஞ்ச உரிமையும் போயிற்று. 999இல் தொடங்கி, எதை வெளியே அனுப்பலாம் என்ற வரைவை ராணுவ விவகாரங்களுக்கான உயர் மன்றம் பார்த்து ஒப்புதல் தர வேண்டும்.

மிங் காலத்தில் தனியார் அச்சிட்டு விற்றார்களே என்பார்கள். விற்றார்கள், அரசவை நகலை. அதற்கு அசையும் எழுத்து வந்ததே 1638இல். ஐரோப்பாவில் ஸ்ட்ராஸ்பர்க் நகரத்தில் அச்சான செய்தி வார இதழுக்கு அப்போது 33 வயது.

அஞ்சல் குதிரைகளில் செய்தி பறந்ததே என்பார்கள். வேகம் அபாரம்தான், அரசருக்கு மட்டும். 755இல் படைத்தலைவர் ஆன் லூஷான் வடகிழக்கே கலகக் கொடி தூக்கிய ஆறாம் நாளே, வெந்நீர் ஊற்று அரண்மனையில் இருந்த பேரரசர் அதை உறுதி செய்துகொண்டார். அதற்கு முன் வந்த தகவலை, ஆகாதவர்கள் கட்டிவிட்ட கதை என்று தள்ளிவிட்டார் என்பது தனி அழகு. குடிமக்களுக்கு வாய்த்தது சுவர். துன்ஹுவாங் அருகே சுவான்சுவான் அஞ்சல் நிலையத்தில் கி.பி. 5ஆம் ஆண்டு அரசாணை ஒன்று சுவரில் எழுதப்பட்டிருந்தது. இளவேனிலில் மரம் வெட்டாதே என்பது போல, மாதவாரியாகச் செய்யத்தக்கதும் தகாததும்!

செய்தி என்று ஒன்று சீனத்தில் இருந்தது. அது இவர்கள் காட்டும் இடத்தில் இல்லை. சோங் காலத்தில் ‘சிறு தாள்’ என்று பொருள்படும் சியாவ்பாவ் கள்ளத்தனமாகச் சுற்றியது. அரண்மனைக்குள் ஒட்டுக் கேட்கிறவர், அமைச்சகத்தில் துப்பு எடுக்கிறவர், அலுவலகங்களில் காது வைக்கிறவர் என்று அதற்குத் தனித்தனி ஆட்கள் இருந்தார்கள். யாருக்குப் பதவி, யாருக்குக் கல்தா என்பது அறிவிப்புக்கு முன்பே அதில் வந்துவிடும். சில வேளை பொய்யும் வரும். 1189இல் அரசாணை பிறந்தது: காட்டிக்கொடுப்பவருக்கு 300 சரம் காசு பரிசு, எழுதியவருக்கு 500 லீ தூரத்தில் காவலோடு நாடுகடத்தல். தொழில் அதனாலும் நிற்கவில்லை. சிங் வம்சத்தில், 1726இல், அப்படியொரு தாள் யோங்செங் பேரரசர் படகுத் திருவிழா நாளில் இளவரசர்களோடு படகேறி, இசையும் மதுவுமாகக் கொண்டாடினார் என்று எழுதியது. அவர் அந்த ஆண்டு கொண்டாட்டமே வேண்டாம் என்று சொல்லியிருந்தாராம். படகில் ஏறாதவரை ஏற்றிவிட்ட குற்றத்துக்காக இரண்டு பேருக்குச் சிரச்சேதம் என்று தீர்ப்பானது.