திரையில் பெய்யும் பனியை நிறுத்த வழி வேண்டாமா?

டிசம்பர் மாதம் பிறந்தால் போதும். கம்ப்யூட்டர் திரையிலும் கைப்பேசித் திரையிலும் பனி பெய்யத் தொடங்கிவிடும். கடை விளம்பரத்தில் பனி. வாழ்த்து அட்டையில் பனி. குழந்தைகள் கண் கொட்டாமல் பார்க்கிறார்கள்.

இந்தப் பனி எப்படி உண்டாகிறது?

ஒவ்வொரு பனித்துகளும் ஒரு புள்ளி. அதற்குப் பிறக்கும் இடம் உண்டு, வேகம் உண்டு, ஆயுளும் உண்டு. திரையின் மேல் ஓரத்தில் பிறக்கும். காற்றில் ஆடுவது போல அசைந்து அசைந்து இறங்கும். கீழ் ஓரத்தைத் தொட்டதும் மறையும். மறைந்த புள்ளியையே மறுபடியும் மேலே கொண்டுபோய் விடுவார்கள்! பார்ப்பவருக்கு அது புதுப் பனி. பெரிய துகளை வேகமாகவும், சின்னத் துகளை மெதுவாகவும் இறக்கினால், ஒன்று கிட்டத்திலும் மற்றொன்று தூரத்திலும் பெய்வது போலத் தோன்றும்.

இந்த முறையை சினிமாவுக்கு வகுத்துத் தந்தவர் வில்லியம் ரீவ்ஸ் என்ற நிபுணர். 1982-ல் வெளிவந்த "ஸ்டார் டிரெக்" 2-ம் படத்தில், ஒரு கிரகம் முழுவதும் தீ பரவும் காட்சியை இப்படித்தான் உண்டாக்கினார்கள். அதன் விவரத்தை ரீவ்ஸ் 1983-ல் கட்டுரையாக வெளியிட்டார். தீக்குப் பிறந்த வித்தை பனிக்கும் உதவுகிறது!

இன்று யாரும் எல்லாக் கணக்கையும் தாமே எழுத வேண்டியதில்லை. எழுதி வைத்த தொகுப்புகள் ஆயத்தமாக இருக்கின்றன. "இத்தனை துகள், இந்த வேகம்" என்று எண்களைக் கொடுத்தால் பனி பெய்யும். வம்பு இங்கேதான் ஆரம்பிக்கிறது.

300 துகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதாரணத் திரை வினாடிக்கு 60 முறை படத்தை மாற்றுகிறது. அப்படியானால் ஒரு வினாடியில் 18,000 முறை துகளின் இடத்தைக் கணக்கிட வேண்டும். விலை குறைந்த கைப்பேசி என்ன செய்யும்? திணறும், சூடாகும், பாட்டரி தீரும். புடவை விலை பார்க்க வந்தவர், பனியைப் பார்த்துக்கொண்டு காத்திருக்க வேண்டுமா?

இதைவிடப் பெரிய சங்கடமும் உண்டு. உட்காதில் கோளாறு உள்ள சிலருக்கு, திரையில் ஏதாவது ஓயாமல் அசைந்தால் தலை சுற்றும், குமட்டல் வரும். அவர்களுக்கு அது பனி அல்ல, பிணி!

தானாகத் தொடங்கி, எழுத்துக்களின் பக்கத்தில் 5 வினாடிக்கு மேல் அசையும் எதையும் நிறுத்த வழி இருக்க வேண்டும் என்று இணையப் பக்கங்களுக்கான உலக அமைப்பு 2008-லேயே விதி வகுத்தது. "அசைவைக் குறை" என்ற வசதி கைப்பேசியிலும் இருக்கிறது. ஆனால், பனியைப் பெய்ய விடுகிறவர் அதை மதித்து எழுதினால்தான் பலன்.

50 துகள் போதாதா? மூலையில் ஒரு சின்னப் பொத்தான் வைத்தால் என்ன? பேரன் கேட்டால் பெய்யட்டும். பாட்டிக்குத் தலை சுற்றினால் நிற்கட்டும். அதை எழுத நாலைந்து வரிகள்தான் ஆகும்.