மரத்தரையைத் தேய்க்கும் முன் ஒரு சொட்டுத் தண்ணீர்

அமெரிக்காவில் மகன் வீட்டு ஓக் மரத்தரை மங்கிவிட்டது. பார்க்க வந்த வேலைக்காரர், மெஷின் போட்டு முழுக்கத் தேய்த்தே ஆகவேண்டும் என்றார். நான் வேண்டாம் என்றேன். முக்கால் அங்குலப் பலகையில் தேய்க்கக் கிடைப்பது மேலே உள்ள கால் அங்குலம்தான். தேய்க்கத் தேய்க்க அதுவும் தீரும்.

ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்த்தோம். முத்தாக நின்றது. அப்படியென்றால் பழைய பூச்சு இன்னும் காக்கிறது. உப்புத்தாளால் லேசாக உரசி, பாலியூரித்தேன் ஒரு கோட் அடித்தால் போதும். ஆனால் மெழுகு போட்ட தரையில் அது ஒட்டாது. தண்ணீர் உள்ளே இறங்கி மரம் கறுத்தால்தான் முழுத் தேய்ப்பு.

மங்கியதில் என் பங்கும் உண்டு. நம்மூர்ப் பழக்கத்தில் சொட்டச் சொட்ட மாப் போட்டவன் நான்தான். மரத்துக்கு நன்றாகப் பிழிந்த துணி போதும், நண்பர்களே. மண்ணைத்தான் அன்றாடம் பெருக்க வேண்டும்; பூச்சை அறுப்பது அதுதான்.