முன்பதிவுக்கு என்ன அவசரம்?

2020 டிசம்பர் 10 அன்று ‘சைபர்பங்க் 2077’ வீடியோ கேம் வெளியானபோது, அதற்கு முன்பே 80 லட்சம் பேர் அதற்குப் பணம் கட்டியிருந்தார்கள். போலந்தின் சிடி ப்ராஜெக்ட் ரெட் நிறுவனம் எட்டு ஆண்டுகளுக்கு முன் அறிவித்த விளையாட்டு அது. வெளியீட்டுத் தேதி மூன்று முறை தள்ளிப்போயிருந்தது. ஹாலிவுட் நடிகர் கியானு ரீவ்ஸ் அதில் ஒரு பாத்திரம். பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் ஆகிய பழைய கன்சோல்களில் அதை ஓட்டியவர்கள் கண்டதோ வேறு. வண்டி தெருவைத் தாண்டிப் போன பிறகுதான் சுவர்களுக்குத் தெளிவு வந்து சேர்ந்தது. நடமாட வேண்டிய பாத்திரங்கள் இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டியபடி மரம்போல நின்றன. திடீர் திடீரென விளையாட்டே நின்றுபோய் கன்சோலின் முகப்புத் திரை வந்தது. டிசம்பர் 14 அன்று நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. 17 அன்று சோனி அந்த விளையாட்டைத் தன் இணையக் கடையிலிருந்தே எடுத்துவிட்டது. ஆறு மாதம் கழித்து, 2021 ஜூன் 21 அன்றுதான் திரும்ப வைத்தது.

விளையாட்டில் இருந்த குறைகள் ஒருபுறம் இருக்கட்டும். மென்பொருள் என்றால் குறை இருக்கும். இந்த விளையாட்டின் குறைகளில் பெரும்பாலானவற்றை நிறுவனம் பின்னாளில் சரிசெய்தது, 2023-ல் 2.0 பதிப்பு வந்த பிறகு பழைய வசவாளர்கள் பலரே பாராட்டினார்கள். வெளியீட்டுக்கு முந்தைய நாட்களில், வாங்குபவருக்கு என்ன தெரிந்திருந்தது என்பதே நம் கேள்வி. விமர்சகர்களுக்குக் கணினிப் பதிப்பு மட்டுமே முன்கூட்டித் தரப்பட்டது. தாங்கள் ஆடியதைப் பதிவுசெய்து காட்டவும் அவர்களுக்கு அனுமதி இல்லை. நிறுவனம் கொடுத்த காட்சிகளைத்தான் போட வேண்டும். மதிப்பெண்கள் நூற்றுக்குத் தொண்ணூறை ஒட்டி வந்தன. அவற்றை நம்பி பிளேஸ்டேஷன் 4 வைத்திருந்தவர் வாங்கினார். ‘விமர்சனத்தைப் பார்த்துவிட்டு வாங்கு’ என்று எல்லோரும் சொல்லும் புத்திமதியை அவர் ஒழுங்காகத்தான் கடைப்பிடித்தார்.

ஆகவே அந்தப் புத்திமதி போதாது. ஓட்டிப் பார்க்க வழியில்லாத விளையாட்டை வெளியாவதற்கு முன் யாரும் வாங்கக் கூடாது. வெளியான பிறகும், நம்மிடம் இருக்கும் அதே கன்சோலில், அல்லது ஏறக்குறைய அதே திறனுள்ள கணினியில், சொந்தக் காசு போட்டு ஆடியவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தெரியும்வரை காத்திருப்பதே சரி. இது வாங்குபவருக்குச் சொல்வது. விற்பவருக்கும் அரசுக்கும் சொல்ல வேண்டியது இதைவிட முக்கியமானது: கண்ணை மூடிக்கொண்டு வாங்குவதில் வரும் நஷ்டம் முழுவதையும் வாங்கியவர் தலையில் கட்டும் வியாபார முறைக்கு ஒரு முடிவு வேண்டும்.

பிள்ளைகளின் விளையாட்டுக்கு எதற்குத் தலையங்கம் என்று கேட்கலாம். புதிதாக வரும் பெரிய கன்சோல் விளையாட்டு ஒன்றின் விலை இன்று நான்காயிரம், ஐந்தாயிரம் ரூபாய். அந்த விலைக்கு வாங்கிய மிக்ஸி ஓடவில்லை என்றால் கடைக்காரரிடம் எடுத்துக்கொண்டு போய்ச் சண்டை போடும் குடும்பங்கள், மகனோ மகளோ வாங்கிய விளையாட்டு ஓடவில்லை என்றால் ‘உனக்கு நன்றாக வேண்டும்’ என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகின்றன. இரண்டும் வீட்டுக் காசுதான்.

முன்பதிவுக்கு ஒரு காலத்தில் நியாயம் இருந்தது. டிஸ்க்கில் விளையாட்டு வந்த நாட்களில், கடைக்கு வரும் பிரதிகள் கொஞ்சம். பெயர் கொடுத்து வைக்காவிட்டால் முதல் வாரம் கிடைக்காது. இன்று பெரும்பாலான விளையாட்டுகள் கோப்பாக இறங்குகின்றன. சர்வரில் இருக்கும் கோப்பு விற்றுத் தீர்ந்துபோவதில்லை. முதல் ஆளுக்கு வருவதுதான் ஒரு லட்சமாவது ஆளுக்கும் வருகிறது. தட்டுப்பாடு இல்லாத இடத்தில் அவசரத்தை உண்டாக்க வேண்டும் என்பதற்காகத்தான் முன்பதிவு செய்தால் கதாநாயகனுக்கு ஒரு மேல்சட்டை, துப்பாக்கிக்கு ஒரு வண்ணம் என்று ஆசை காட்டுகிறார்கள். கூடுதல் பணம் கட்டினால் மற்றவர்களுக்கு முன்னால் ஆடலாம் என்பது இதில் புது வழி. 2023 செப்டம்பரில் ‘ஸ்டார்ஃபீல்டு’ விளையாட்டை அதிக விலைப் பதிப்பு வாங்கியவர்கள் ஐந்து நாள் முன்னதாகவே தொடங்க முடிந்தது. மற்றவர்களுக்கு முன்னால் ஆடும் அந்த ஐந்து நாட்களுக்கும் சேர்த்துத்தான் அதிக விலை!

ஆடிப் பார்க்க விடுவது இந்தத் தொழிலுக்குத் தெரியாத வித்தை அல்ல. 1993 டிசம்பரில் ஐடி சாஃப்ட்வேர் வெளியிட்ட ‘டூம்’ விளையாட்டின் முதல் பாகம் முழுவதும் இலவசம். ஒன்பது நிலைகள், யார் வேண்டுமானாலும் பிளாப்பியில் நகலெடுத்து நண்பருக்குக் கொடுக்கலாம். பிடித்திருந்தால் மீதியைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். உலகம் முழுவதும் அது பரவியதற்கு அந்த இலவசப் பாகமே காரணம். பின்னாளில் பத்திரிகைகளோடு டெமோ டிஸ்க்குகள் வந்தன. நம் ஊரில் பிரவுசிங் சென்டர்கள் ஏறக்குறைய அதே வேலையைச் செய்தன. மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து ஆடிப் பார்த்த பிறகுதான் பலர் வீட்டுக் கணினிக்கு அந்த விளையாட்டைத் தேடினார்கள் (வீட்டுக்கு வந்தவற்றில் பாதி திருட்டு நகல் என்பது வேறு கதை).

பிறகு டெமோ ஏன் குறைந்தது? டெமோ தயாரிக்கத் தனி உழைப்பு வேண்டும் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணத்தை 2013-ல் விளையாட்டு வடிவமைப்பாளர் ஜெஸ்ஸி ஷெல் மேடையிலேயே போட்டு உடைத்தார். எக்ஸ்பாக்ஸ் 360 விளையாட்டுகளின் விற்பனைக் கணக்கைக் காட்டி அவர் சொன்னதன் சாரம்: டிரெய்லர் மட்டும் விட்டு டெமோ விடாத விளையாட்டுகளே அதிகம் விற்கின்றன. டிரெய்லர் ஆசையைக் கிளப்புகிறது, டெமோ அதைத் தணித்துவிடுகிறது. வியாபாரியின் கோணத்தில் இது சரியான கணக்கு. ஆனால் நுனியை ஒடித்துப் பார்க்க விடாத கடையில் யாரும் வெண்டைக்காய் வாங்க மாட்டார்கள். இங்கே ஒடிக்க விடாத கடைக்குத்தான் விற்பனை அதிகம் என்றால், வாங்குபவர்கள் தெரியாமல் ஏமாறுகிறார்கள் என்றே அர்த்தம்.

ஆடுவதற்குப் பதிலாக யூடியூபில் பார்த்தால் போதாதா? இன்று தமிழிலேயே முழு விளையாட்டையும் ஆடிக் காட்டுபவர்கள் இருக்கிறார்கள். அவர்களால் பெரிய நன்மை உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் பார்ப்பதும் ஆடுவதும் ஒன்றல்ல. பொத்தானை அழுத்தியதற்கும் திரையில் நடப்பதற்கும் இடையே உள்ள தாமதம் காணொளியில் தெரியாது. முதல் நபர் பார்வையில் ஓடும் விளையாட்டுகளில் சிலருக்குப் பத்து நிமிடத்தில் தலை சுற்றிக் குமட்டல் வரும். அடுத்தவர் ஆடுவதைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. ‘எல்டன் ரிங்’ போன்ற விளையாட்டை உலகமே கொண்டாடியது. அதில் முதல் எதிரியிடமே இருபது முறை செத்து வெறுத்துப் போனவர்களும் உண்டு. விளையாட்டின் மேல் குற்றமில்லை, ஆடுபவர் மேலும் இல்லை. இருவருக்கும் ஒத்துவரவில்லை, அவ்வளவுதான்.

பழுதான விளையாட்டையும் ஒத்துவராத விளையாட்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும். விளையாட்டே பழுது என்றால் அது சட்டத்தின் விஷயம். விளையாட்டு நல்லதுதான், எனக்கு ஒத்துவரவில்லை என்றால் அதற்கு வழி சலுகைக் காலம். இரண்டாவதற்கு இன்று இருப்பதில் உருப்படியான ஏற்பாடு, கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் இணையக் கடை 2015 ஜூனில் கொண்டுவந்தது: வாங்கிய 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால், காரணம் கேட்காமல் பணம் திரும்ப வரும். எபிக் கடையிலும் இதே கணக்கு. கோக் (GOG) கடை 2020 பிப்ரவரியில் ஒருபடி மேலே போய், ஆடியிருந்தாலும் 30 நாள் என்றது. வேடிக்கை என்னவென்றால், அப்போது கோக் இருந்தது சிடி ப்ராஜெக்ட் குழுமத்தில்தான்.

கணினியில் வாங்குபவர் இந்த இரண்டு மணி நேரத்தை டெமோவாகவே எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது நம் கருத்து. ஆனால் அதிலும் ஓட்டை இருக்கிறது. 2023 மார்ச் 28 அன்று ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 1’ கணினிக்கு வந்தபோது, விளையாட்டைத் திறந்ததும் ‘ஷேடர்கள் தயாராகின்றன’ (காட்சிகளைத் திரையில் வரையும் சிறு நிரல்கள் இவை) என்று ஒரு சதவீத எண் திரையில் ஏறத் தொடங்கியது. பலருக்கு அந்த எண் நூறைத் தொட ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. ஸ்டீமின் கடிகாரம் அதையும் ஆடிய நேரமாகவே கணக்கில் எடுத்தது. காத்திருந்துவிட்டு உள்ளே போய், விளையாட்டு திணறுவதைப் பார்த்து, அமைப்புகளை மாற்றிப் பார்ப்பதற்குள் கெடு முடிந்துவிடும். ஆகவே முதல் நாளே கடினமான பகுதிக்குப் போய்ப் பாருங்கள். பாத்திரத்துக்கு மூக்கு, முடி அலங்கரிப்பதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

சிறு நிறுவனங்கள் சொல்லும் ஆட்சேபத்தைத் தள்ளிவிட முடியாது. 2021-ல் ‘சம்மர் ஆஃப் 58’ என்ற திகில் விளையாட்டைச் செய்தவர், பாராட்டிவிட்டே பலர் பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டதால் தொழிலை விட்டு விலகுவதாக அறிவித்தார். அந்த விளையாட்டு இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். முழுச் சாப்பாடும் சாப்பிட்டுவிட்டுக் காசு கேட்பது அயோக்கியத்தனம். அதற்கு மருந்து, குறு விளையாட்டுகளுக்கு அவற்றின் நீளத்துக்கு ஏற்பக் கெடுவைக் குறைப்பது. நூறு ஜிபி விளையாட்டை விற்கும் பெரிய நிறுவனங்கள் இந்தச் சிறு கடைக்காரரின் கண்ணீரைத் தங்கள் வாதத்துக்குக் கடன் வாங்குவதை ஏற்க முடியாது.

கன்சோல் பக்கம் நிலைமை மோசம். சோனியின் கடையில் விளையாட்டை இறக்கத் தொடங்கிவிட்டால், பழுது இருந்தாலொழியப் பணம் திரும்ப வராது. ஆடிப் பார்ப்பது இருக்கட்டும், திறந்துகூடப் பார்க்காதவருக்கும் இதே விதி. டிஸ்க் இருந்தவரை இதற்கு ஒரு மாற்று இருந்தது. பிடிக்காத டிஸ்க்கைச் சென்னை ரிச்சி தெருவில் கொடுத்துவிட்டு மேலே கொஞ்சம் போட்டு வேறொன்று வாங்கிக்கொள்ளலாம். பாதி நஷ்டத்தோடு போகும். டிஸ்க் போடும் வசதியே இல்லாத கன்சோல்கள் வந்த பிறகு அந்தக் கதவும் சாத்தப்படுகிறது. அதே சோனி, 2024 ஆகஸ்ட் 23 அன்று வெளியிட்ட ‘கான்கார்ட்’ ஆள் சேராமல் படுத்தபோது, செப்டம்பர் 6 அன்று சர்வரை மூடி, வாங்கிய எல்லோருக்கும் முழுப் பணத்தையும் திருப்பிக் கொடுத்தது. முடியாது என்பதல்ல, மனமில்லை என்பதே விஷயம்.

மனம் எப்படி வரும் என்பதை ஆஸ்திரேலியா காட்டியிருக்கிறது. பணம் திரும்பக் கிடையாது என்று வாடிக்கையாளர்களிடம் சொல்லிவந்ததற்காக ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனத்தின் மீது அந்நாட்டு நுகர்வோர் ஆணையம் 2014-ல் வழக்குப் போட்டது. நாங்கள் அமெரிக்க நிறுவனம், உங்கள் சட்டம் எங்களைக் கட்டுப்படுத்தாது என்ற வாதம் எடுபடவில்லை. 2016-ல் 30 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம். 2020-ல் சோனியின் ஐரோப்பிய நிறுவனத்துக்கு 35 லட்சம் டாலர். பழுதான விளையாட்டுக்குப் பணம் கேட்ட நான்கு பேரிடம், இறக்கிவிட்டதால் தர வேண்டியதில்லை என்று தவறாகச் சொன்னது அதில் முக்கியக் குற்றச்சாட்டு. நான்கே பேர்!

நம்மிடம் சட்டம் இல்லாமல் இல்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் மின்வணிகம் என்பதற்குத் தரும் வரையறையிலேயே டிஜிட்டல் பொருட்களும் அடங்கும். 2020 மின்வணிக விதிகள், விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளையோ சேவையையோ திரும்ப ஏற்கவும் பணம் தரவும் விற்பவர் மறுக்கக் கூடாது என்கின்றன. இந்திய நுகர்வோருக்குத் தொடர்ந்து விற்கும் வெளிநாட்டு நிறுவனங்களுக்கும் அவை பொருந்தும். 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் தடைசெய்த 13 தந்திரங்களில் பொய்யான அவசரத்தை உண்டாக்குவதும் ஒன்று. தீர்ந்துபோகாத கோப்புக்கு ‘முந்துங்கள்’ என்று சொல்வது அதில் சேருமா என்று ஆணையம் விளக்க வேண்டும். ஆன்லைன் பண விளையாட்டுகளுக்கு எதிராக அவசரம் காட்டிய அரசுகள், காசு கொடுத்து நேர்மையாக விளையாட்டு வாங்குபவர் பக்கமும் ஒருமுறை திரும்பலாம்.

கேட்பது பெரிதல்ல. எந்தக் கருவிக்கு விற்கிறார்களோ அதே கருவியில் ஓடும் காட்சியை, பணம் வாங்குவதற்கு முன் கடைப் பக்கத்தில் காட்ட வேண்டும். கன்சோல் கடைகளும் கணினிக் கடைகளைப்போல இரண்டு மணி நேரமாவது தர வேண்டும். ஷேடருக்குக் காத்திருக்கும் நேரம் அதில் சேரக் கூடாது. வெளியாகும் நாள்வரை முன்பதிவை எந்தப் பிடித்தமும் இல்லாமல் ரத்துசெய்ய முடிய வேண்டும்.

அதுவரை ஏமாந்தவர்கள் சும்மா இருக்க வேண்டியதில்லை. கடைப் பக்கத்தில் அன்று என்ன எழுதியிருந்தது என்பதற்கு ஸ்கிரீன்ஷாட், பணம் கட்டிய ரசீது, விளையாட்டு நின்றுபோன இடத்தின் சிறு காணொளி, பணம் தர மறுத்த பதில் ஆகியவற்றைச் சேர்த்து வைத்துக்கொண்டு, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் புகார் செய்யலாம். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. வாங்கிய பொருளின் விலை ஐந்து லட்சம் ரூபாய்வரை என்றால் அங்கே வழக்குப் போடக் கட்டணம் கிடையாது.